திருப்பித் தராத நான்கு நாட்கள்

எங்கள் துறைமுகத்தில் ஏழாம் எண் கொட்டகைக்கு மட்டும் இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி எங்கள் அரசாங்கத்திடம் இருக்கும், மற்றதன் சாவி நட்பு நாட்டு அரசாங்கத்திடம். எங்கள் பக்கத்துச் சாவியைப் பதினொரு வருடம் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தவரை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை.

இரண்டு பூட்டு எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. நட்பு நாடு பெரிய நாடு, நாங்கள் சின்ன நாடு. அவர்களுடைய ரோந்துப் படகுகள் எங்கள் கடலைக் காவல் காக்கின்றன. எங்கள் குன்றின்மேல் அவர்களுடைய ரேடார் நிற்கிறது. அவற்றுக்கு வருகிற உதிரி பாகங்களுக்கு நாங்கள் சுங்கவரி போடுவதில்லை. பதிலுக்கு எங்கள் துணிக்கும் தோலுக்கும் அவர்கள் வரியைக் குறைத்துக்கொள்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராணுவச் சாமான் என்று சீட்டு ஒட்டிக் கடைச் சரக்கை வரியில்லாமல் உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று எங்களுக்குச் சந்தேகம். கொடுத்த பாகங்களை நாங்கள் மூன்றாம் ஆளுக்கு விற்றுவிடுவோமோ என்று அவர்களுக்குச் சந்தேகம். ஆகவே இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேர். நாற்பது வருட நட்பு என்று மேடையில் முழங்குகிறவர்கள் யாரும் இந்தக் கொட்டகைப் பக்கம் தலைகாட்டியதில்லை.

நான் அதே வளாகத்தில் மாடியில் சுருக்கெழுத்துக்காரன். யார் பேசினாலும் எழுதிக்கொள்வது என் பிழைப்பு. என் ஜன்னலில் நின்றால் கொட்டகையின் கதவும், அதை ஒட்டிய சோதனை அறையும் தெரியும். அந்த அறையில் எதிரும் புதிருமாக இரண்டு மேசை போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு நாடு ஒரு மேசை வாங்கிப் போட்டதில், அவர்களுடைய மேசை இரண்டு விரற்கடை உயரமாகிப்போனது. அவ்வளவுதான், மேலிடத்துக்கும் மேலிடத்துக்கும் ஏழு கடிதம் போக்குவரத்து. கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு எங்கள் மேசைக் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்தார்கள். மின்விசிறியும் இரண்டு, கடிகாரமும் இரண்டு. கடிகாரங்கள் ஒருநாளும் ஒரே நேரம் காட்டியதில்லை. அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதவில்லை.

எதிர் மேசையில் முதலில் இருந்தவர் இரண்டே வருடத்தில் விட்டால் போதும் என்று ஓடிவிட்டார். அடுத்து வந்தவர்தான் ஒன்பது வருடம் இருந்தார். நெட்டையான மனிதர், லேசாகக் கூன் விழுந்தவர், வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டுப் பார்த்ததில்லை. டீக்கடையிலும் பேப்பரிலுமாக நம் பேச்சைக் கற்றுக்கொண்டு, இரண்டு வருடத்தில் எங்களைப் போலவே பேசினார். அவருடைய மனைவி விட்டுப் போய்விட்டதாகவும் பிள்ளைகள் இல்லை என்றும், யாரோ கேட்டதற்கு, நேற்று மழை பெய்தது என்பது போலச் சொல்லியிருக்கிறார். மூன்று வருடத்தில் ஊர் திரும்ப வேண்டியவர் இரண்டு முறை நீட்டிப்பு வாங்கிக்கொண்டார். இந்த உப்புக்காற்றில் என்ன புதையல் கண்டானோ மனுஷன் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

ஒருவர் இல்லாமல் மற்றவர் கதவைத் திறக்க முடியாது. எனவே ஒருவருக்கு லீவு என்றால் இருவருக்கும் லீவு. அக்காவுக்குச் சளி பிடித்தால் எதிர்மேசைக்காரரும் வீட்டில் உட்கார வேண்டும். அவருக்குத் தூதரகத்தில் கூட்டம் என்றால் அக்காவுக்கு வேலை கிடையாது. எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு இப்படி லீவு ஒத்துப்போகிறது என்று கேண்டீனில் ஒருவன் சத்தமாகக் கேட்டான். அக்கா டம்ளரை வைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவன் அக்கா இருக்கும்போது கேட்பதில்லை.

நேர்மையில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஒருமுறை ரேடார் குளிரூட்டும் பாகம் என்று சீட்டு ஒட்டி வந்த பெட்டியில் கடைகளுக்கான ஏசி மெஷின் நாற்பது இருந்தது. தன் நாட்டுக் குட்டைத் தானே உடைத்து எழுதிக் கொடுத்தார் எதிர்மேசைக்காரர். மறு வருடம் எங்கள் ஆட்கள் படகு எஞ்சின் இரண்டைப் பழுது என்று காட்டி வெளியே கடத்தப் பார்த்தார்கள். அக்கா வழிவிடவில்லை, மேலிடத்து மிரட்டலுக்கும் மசியவில்லை. அதனால் இரண்டு தலைமையகத்திலும் இரண்டு பேருக்கும் நல்ல பெயர் இல்லை.

அவர்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கத்து ஊழியர் மறு பக்கத்து ஊழியரிடம் எதையும் சும்மா வாங்கக் கூடாது. வாங்கினால் ஏழு நாளுக்குள் அதே அளவில் ஏதாவது திருப்பித் தந்துவிட வேண்டும். மற்றவர்கள் இந்த விதியைப் படித்ததுகூட இல்லை. இவர்கள் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒரு ஆரஞ்சு தந்தால் ஏழு நாளுக்குள் இவர் ஒரு ஆரஞ்சு. இவர் அவருடைய சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தால் அவர் இவருடைய குடைக்கம்பியை நிமிர்த்திக் கொடுப்பார். ஒருநாள் அவர் ஒரு ஜோக் சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஜோக்கெல்லாம் வராது. ஆறு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, என்னிடம்கூட ஏதாவது இருந்தால் சொல்லப்பா என்று வந்து நின்றார். ஏழாம் நாள் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அது ஜோக்கே இல்லையாம். அவர் சட்டப்படி சிரித்தாராம்.

அக்காவின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், மாடியில் இரண்டு அறை. இருபத்தைந்து வயதில் நிச்சயமான கல்யாணம், ஆண்களோடு துறைமுகத்தில் வேலை செய்கிற பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதில் நின்றுபோனது. பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்டார், அம்மாவைப் பார்த்துக்கொண்டார், இருவரும் போன பிறகு பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. தம்பி வேறு ஊரில். அவன் போன் வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் துவைத்த துணியையே மறுபடி துவைப்பேன் என்று அக்கா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மணிக்குத் துணி காய்ந்துவிடும், அப்புறம் ராத்திரி வரைக்கும் பொழுது கிடக்கும் என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். உடன் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கோ அக்கா என்று போனில் சொன்னான், அதற்குக் காசு செலவில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து பெஞ்சில், பேப்பரை விரித்துக்கொண்டு எதிர்மேசைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று அக்கா கேட்டாராம்.

"கொட்டகை பூட்டிக் கிடக்கு. நான் வேற எங்க போய் உக்காருறது?" என்றாராம் அவர்.

அவர்தான் கையெழுத்துப் போட்டார். உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, எதிர் மேசை என்று எழுதினாராம். ஜன்னலில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு முத்திரை குத்தியிருக்கிறார். நான்கு நாளும் காலை எட்டு மணிக்கு வந்து, சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிகிற வரை அந்த மர பெஞ்சிலேயே இருந்தார். மருந்துச் சீட்டைக் கொடுத்தால் வாங்கி வந்தார். வெந்நீர் பிடித்து வந்தார். மற்ற நேரம் பேப்பரின் விளம்பரப் பக்கம் வரை படித்தார். நானும் அந்த நான்கு நாளில் ஒருநாள் ஒரு பழப்பையோடு போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு, வண்டி பிடிக்க வேண்டும் என்று கிளம்பி வந்தேன். அதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

அக்கா வேலைக்குத் திரும்பியதும் ஏழு நாள் கணக்கு ஓடத் தொடங்கியது. நல்ல பேனா ஒன்று வாங்கினார். நான்கு நாளுக்கு ஒரு பேனாவா என்று அதை அலமாரியில் வைத்துவிட்டார். சட்டைத்துணி வாங்கினார், அதுவும் அலமாரிக்குப் போனது. நான்கு நாளுக்கு நான்கு நாள்தான் சரி, அவர் படுத்தால் நான் போய் உட்கார்வேன் என்று முடிவு செய்தார். ஆனால் அந்த மனிதர் படுக்கவில்லை. ஊரே இருமிக்கொண்டிருந்த மழைக்காலத்தில்கூட அவர் வெள்ளைச் சட்டையோடு கல்லுப் போல வந்து நின்றார்.

"அவருக்கு ஒரு காய்ச்சல்கூட வர மாட்டேங்குதுப்பா" என்று மாடிப்படியில் என்னிடம் அக்கா குறைப்பட்டுக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆரஞ்சும் நின்றுபோனது. ஏற்கெனவே வாங்கினதைத் தரவில்லை, இன்னும் எப்படிக் கை நீட்டுவது என்று அக்கா எதையும் வாங்க மறுத்துவிட்டார். ஒருநாள் அவர் உரித்து நீட்டிய பழத்தை இவர் வேண்டாம் என்று தலையசைத்ததை ஜன்னலில் இருந்து நானே பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் தானே தின்றார். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, மறுபடி நீட்டவில்லை. பெட்டி எண்ணைப் படிப்பது, முத்திரையைச் சரிபார்ப்பது, பூட்டுவது என்று பேச்சு சுருங்கியது. சாயங்காலம் இருவரும் துறைமுக வாசல் வரை சேர்ந்து வந்து, அவர் இடப்பக்கமும் இவர் வலப்பக்கமும் திரும்பிப் போவார்கள்.

இந்த நேரத்தில்தான் இரண்டு நாட்டுக்கும் முட்டிக்கொண்டது. அங்கே புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள், உங்கள் கடலை நாங்கள் காக்கிறோம், எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். குன்றைக் கொடுத்தோமே, நாற்பது வருடம் வாடகை கேட்டோமா என்று இங்கே கேட்டார்கள். அவர்கள் துணிக்கு வரியை ஏற்ற, இவர்கள் உதிரி பாகத்துக்கு வரி போட, மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் தினம் இதே பேச்சு. கடலைக் காத்தது பெரிதா, குன்றைக் கொடுத்தது பெரிதா? படகை ஒரு தட்டிலும் குன்றை ஒரு தட்டிலும் வைத்துத் தூக்கிப் பார்க்க எவனிடம் தராசு இருக்கிறது? இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அடித்துப் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். மறு பக்கத்து ஊழியரிடம் வாங்கி இதுவரை திருப்பித் தராததோ, அவரிடம் இருந்து வர வேண்டியதோ ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களும் எழுதுவார்கள். இரண்டு பக்கத்துப் படிவக் கட்டுகளையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு ஒத்துப் பார்ப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் முப்பத்தொரு பேரும் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். நட்பு நாட்டுக் கப்பலில் இருந்து வந்த பிரிட்ஜில் தினமும் தண்ணீர் குளிர வைத்துக் குடிக்கிற கிடங்கு அதிகாரியும் 'இல்லை' என்றே எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அக்கா மட்டும் படிவத்தை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போய்த் திங்கட்கிழமை கொண்டுவந்தார். 'நான்கு நாட்கள். ஆஸ்பத்திரியில் உடன் இருந்தார். திருப்பித் தரப்படவில்லை' என்று எழுதியிருந்தார்.

நேரம் கெட்ட நேரத்தில் இதெல்லாம் வேண்டாம், எல்லோரையும் போல 'இல்லை' என்று எழுதிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"வாங்கிட்டு இல்லைன்னு எழுதுறதா?" என்றார் அக்கா. "நன்றின்னுகூட நான் அவருக்கிட்ட சொன்னதில்லப்பா. இதுல எழுதினா அவரு படிப்பாரு."

அதுதான் அக்காவின் கணக்கு. அந்தப் படிவம் கைமாறும், அவர் கண்ணில் படும், தான் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அரசாங்கப் படிவத்தைக் கடிதாசியாக நினைத்துக்கொண்ட ஒரே ஜீவன் உலகத்திலேயே அவராகத்தான் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய மூன்று வரி அது.

அவர்களுடைய கட்டு வந்தது. எதிர்மேசைக்காரர் தன் படிவத்தில், தான் வாங்கியது என்ற இடத்திலும் தனக்கு வர வேண்டியது என்ற இடத்திலும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

எங்கள் கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். எங்கள் ஊழியர் ஒப்புக்கொள்கிறார், உங்கள் ஊழியர் மறைக்கிறார் என்று எழுதி, விசாரணை வேண்டும் என்று கேட்டார். பேச்சுவார்த்தையில் மேலிடத்துக்கு இப்படி ஒரு பிடி தேவைப்பட்டது. அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார், பதினொரு வருடத்தில் முதல் முறையாக. நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னால் போதும், அவரை மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள், ஓய்வூதியமும் போய்விடும் என்று விளக்கினார். மாற்றிச் சொன்னால் பொய் வாக்குமூலம், உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி, யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அக்கா வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

மறுநாள் பூட்டைத் திறக்கும்போது அக்கா, ஏன் இல்லை என்று எழுதினீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். எழுத ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் தன் சாவியைத் திருப்பினாராம். அக்காவுக்கு அது குத்திவிட்டது. மதியம் என் மேசைக்கு வந்து நின்றுகொண்டு, நான் மூணு வருஷமா நினைச்சு நினைச்சுக் கிடந்தது அவருக்கு ஒண்ணுமே இல்லையா என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. எங்கள் பக்கம் கண்காணிப்பாளரையும் சேர்த்து இரண்டு அதிகாரிகள், அவர்கள் பக்கம் இரண்டு அதிகாரிகள், தண்ணீர் பாட்டில்கூட இரண்டுக்கு இரண்டு. மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு நான். அக்காவையும் அவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எத்தனையோ வருடமாக எதிரெதிரே உட்கார்ந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை. இருவரும் நேரே சுவரைப் பார்த்தார்கள்.

முதலில் அக்காவைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார். ஒரு வார்த்தை, திருப்பித் தந்துவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவர் பிழைப்பார், இவர் மாட்டுவார். அக்கா வாயைத் திறந்துவிட்டு மூடினார். கைக்குட்டையைச் சுருட்டினார். கடைசியில், நான்கு நாள் இருந்தது உண்மை, திருப்பித் தராததும் உண்மை, ஆனால் அதற்காக ஒரு பெட்டியைக்கூட நான் பார்க்காமல் விட்டதில்லை என்று சொன்னார். எங்கள் கண்காணிப்பாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அக்காவுக்குப் பொய் வராது, அவ்வளவுதான். உட்காரும்போது நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

பிறகு அவரைக் கேட்டார்கள். அவர்கள் நாட்டு அதிகாரியே கேட்டார், அந்த அம்மா சொல்வது பொய்யா என்று.

"பொய் இல்ல. நாலு நாள் இருந்தேன்."

அப்படியானால் உங்களுக்கு வர வேண்டியது இருக்கிறதே, ஏன் இல்லை என்று எழுதினீர்கள் என்று எங்கள் அதிகாரி மடக்கினார்.

"வர வேண்டியது இல்ல. அன்னிக்கே வந்துடுச்சு."

என்ன வந்தது என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நட்பு நாடுகள் அந்த வருடத்தில் ஒத்துப்போனது அந்த ஒரு கேள்வியில்தான். அவர் சட்டையின் கைமடிப்பைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் நர்ஸ் வெளிய வந்து, இவங்க கூட வந்தவர் யாருன்னு கேட்டாங்க" என்றார். "நான்தான்னு எந்திரிச்சேன். என் வாழ்க்கையில அது வரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. நாலு நாளும் காலையில எந்திரிச்சதும் போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. இதுக்கு மேல எனக்கு என்ன வரணும்?"

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் பென்சில் நின்றுவிட்டது. இருபது வருடச் சுருக்கெழுத்தில் அது ஒருமுறைதான் நின்றது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர்கள் அதிகாரி எங்கள் அதிகாரியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். எங்கள் அதிகாரிக்கும் தெரியவில்லை. 'சம மதிப்பு நிர்ணயிக்க இயலவில்லை' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

அவருடைய ஓய்வூதியம் தப்பியது. ஆனால் இரண்டு நாளில் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்கள் ஒருவரை எடுத்தால் நாங்களும் ஒருவரை எடுக்க வேண்டும் அல்லவா? அதே நாளில், அதே மணிக்கு அக்காவையும் கொட்டகையில் இருந்து எடுத்தார்கள். சாவிகளை ஒப்படைக்க வேறு வேறு அறை, வேறு வேறு வாசல். விசாரணைக்கு உட்பட்டவர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருவரிடமும் எழுதி வாங்கினார்கள். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அக்கா ஒருமுறைக்கு இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மதிய விமானத்தில் எதிர்மேசைக்காரர் போய்விட்டார்.

அக்காவைப் பதிவேட்டு அறையில் போட்டார்கள். முப்பது பேர் உட்காரும் பெரிய அறை, நாள் முழுக்கப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது, எதிரே சுவர்தான். சாவி இல்லாத இடுப்பை அடிக்கடித் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கொட்டகையில் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று கேள்வி.

ஒரு மாதம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னைத் தேடி வந்தார். கேண்டீனில் கூட்டம் குறைந்த பிறகு எதிரே உட்கார்ந்து, சாப்பிடாமல் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்மேசைக்காரர் குடியிருந்த வீட்டைப் பார்க்கப் போனேன் என்றார். இத்தனை வருடத்தில் அவர் விலாசத்தைக் கேட்டதே இல்லையாம், அதுவும் வாங்கினதில் சேர்ந்துவிடுமோ என்று. டீக்கடையில் விசாரித்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். கீழே ஒரு தையல்கடை, மேலே ஒரே அறை. கதவில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காலையில் இருந்து ராத்திரி வரை அந்த மனுஷன் ஜன்னலிலேயே உட்கார்ந்திருப்பார், ஒரு ஆள் வந்து பார்த்ததில்லை என்று தையல்காரர் சொன்னாராம்.

"எந்தத் தெரு அக்கா?" என்று கேட்டேன்.

"மார்க்கெட்டைத் தாண்டி ரெண்டாவது தெரு. துறைமுக வாசல்ல எதிரெதிர்ப் பக்கமாப் பிரிஞ்சு போறோம்னு நினைச்சேன். அவரு ஊரைச் சுத்தி நடந்து அங்க வந்து சேருவாராம், பொழுது போகணும்னு." அக்கா மூடியை மேசையில் வைத்தார். "எங்க வீட்டுல இருந்து ஏழு நிமிஷம்பா. நேத்து மறுபடி நடந்து பாத்தேன், ஏழே நிமிஷம். மூணு வருஷம், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவரு அங்க ஒத்தையில உக்காந்திருந்திருக்காரு. நான் இங்க ஒத்தையில உக்காந்து, அவருக்கு உடம்புக்கு ஏதாவது வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."